மூன்று தலைமுறை, ஒரே கோப்பு: ஒரு ஹெபடைடிஸ் சி சிகிச்சைப் பிரிவு பற்றிய மதிப்புரை

பெரிய மருத்துவமனை ஒன்றின் கல்லீரல் நோய்த் துறையில் ஹெபடைடிஸ் சி தொற்றுக்கெனத் தனியாக இயங்கும் சிகிச்சைப் பிரிவுக்கு 2021 இறுதியிலிருந்து நானும் என் அம்மாவும் என் மகளும் போய் வருகிறோம். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு நிலைகளில் அந்தக் கதவைத் தட்டியவர்கள் என்பதால், இந்தச் சேவையை ஒருமுறை வந்து போனவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே அறிந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். வைரஸை ஒழிக்கும் வேலையில் இவர்களிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒழித்த பிறகு மிஞ்சும் கல்லீரலையும், நோயாளியின் மடியில் இருக்கும் குழந்தையையும் நினைவில் வைத்திருப்பதில்தான் ஒன்றரை மதிப்பெண் போயிற்று.

என் கதை கர்ப்பகால முதல் ரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் இருப்பதாக முடிவு வந்தது. எதிர்ப்பொருள் இருப்பது வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. இப்போதும் இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். அதற்காக என்னை மறுபடி வரவழைக்காமல், முதலில் எடுத்த அதே ரத்தத்திலேயே அந்தப் பரிசோதனையையும் செய்து முடித்திருந்தார்கள். சிறிய ஏற்பாடுதான், ஆனால் முதல் முடிவுக்கும் இரண்டாவது முடிவுக்கும் நடுவே காணாமல் போய்விடுகிறவர்கள் உலகெங்கும் நிறையப் பேர் என்பதால், இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வைரஸ் இருந்தது. மறு வாரமே கல்லீரல் பிரிவில் நேரம் ஒதுக்கினார்கள்.

மருத்துவர் ஏறக்குறைய நாற்பது நிமிடம் பேசினார். ஊசி, அறுவை சிகிச்சை, பச்சை குத்தியது, பல் பிடுங்கியது என்று வழக்கமான கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தபோது, எழுதுவதை நிறுத்திவிட்டு, "உங்கள் அம்மாவுக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். 1986இல் ஓர் அறுவை சிகிச்சையின்போது இரண்டு பாட்டில் ஏற்றினார்கள் என்றார். நான் பிறந்தது 1988இல். ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989இல். அதுவரை மருத்துவ உலகம் அதை ஏ வகையும் அல்லாத, பி வகையும் அல்லாத கல்லீரல் அழற்சி என்றுதான் அழைத்து வந்தது. ரத்த தானத்தில் அதைச் சோதிக்க வழியே இருக்கவில்லை. அம்மாவையும் அழைத்து வரச் சொன்னார் மருத்துவர். அம்மாவுக்கும் வைரஸ் இருந்தது, அதுவும் என்னுடைய அதே மரபணு வகை. கர்ப்பிணியின் எதிரே உட்கார்ந்து அவருடைய தாயைப் பற்றிக் கேட்கத் தோன்றிய அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பிரிவுக்கு முதல் இரண்டு மதிப்பெண்ணைத் தந்துவிட்டேன்.

கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இங்கேயே இருக்கிறது. எனக்கு அதைப் பிரசவத்துக்குப் பிறகுதான் செய்தார்கள்; அம்மாவுக்கு முதல் வருகையிலேயே. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டால், விலா எலும்புகளுக்கு நடுவே குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஒரு முனையை அழுத்தி வைத்து, விரலால் சுண்டுவதுபோல ஒரு சிறு தட்டு தட்டுகிறது கருவி. செல்லுபடியாகும் அளவுகள் பத்து கிடைக்கும் வரை தட்டிக்கொண்டே இருக்கிறது. வலி இல்லை. அம்மா ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடித் திறந்ததை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு 14.2 கிலோபாஸ்கல். பின்னர் எனக்கு வந்தது 5.8. ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் 12.5க்கு மேல் வந்தால் சிரோசிஸ் எனும் கல்லீரல் இறுக்கநோய் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு அதுவரை மஞ்சள் காமாலையோ வயிற்று வீக்கமோ எதுவுமே வந்ததில்லை. சோர்வு இருந்தது; அதை வயது என்று எல்லோரும், அவர் உட்பட, ஒதுக்கிவைத்திருந்தோம்.

இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி அதற்குப் பிறகு நடந்த உரையாடல். தாளில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், ஒரே வைரஸ் இரண்டு பெண்களிடம் ஏன் இவ்வளவு வேறுபட்டு நடந்துகொண்டது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பெண்களிடம் இந்தத் தொற்று நெடுங்காலத்தில் என்ன செய்கிறது என்பது பற்றி உலகுக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஒரு விபத்தின் வழியாகத் தெரிய வந்தது. ஆர்.எச். நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்கு, அடுத்த குழந்தையின் ரத்தத்தோடு மோதல் வராமலிருக்கப் போடப்படும் ஆன்டி-டி ஊசிமருந்தின் சில தொகுதிகளில் வைரஸ் கலந்துவிட்டது. அயர்லாந்தில் 1977, 78ஆம் ஆண்டுகளிலும், அன்றைய கிழக்கு ஜெர்மனியில் 1978, 79ஆம் ஆண்டுகளிலும் அந்த ஊசி போட்டுக்கொண்ட இளம் தாய்மார்களுக்குத் தொற்று ஏற்பட்டது. கொடுமையான நிகழ்வு. ஆனால் யாருக்கு, எப்போது தொற்றியது என்பது துல்லியமாகத் தெரிந்த பெண்கள் கூட்டம் வேறெங்கும் அப்படிக் கிடைத்ததில்லை. அயர்லாந்தில் எதிர்ப்பொருள் காணப்பட்ட 704 பெண்களில் 55 சதவீதத்தினரிடம் மட்டுமே வைரஸ் தங்கியிருந்தது. மற்றவர்களின் உடல் தானாகவே அதை வெளியேற்றியிருந்தது. தங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்குப் பிறகு கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது 98 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அளவில் அழற்சி இருந்தது. 51 சதவீதத்தினருக்கு நார்ப்பெருக்கம், அதாவது கல்லீரலில் தழும்புத் திசு சேர்வது, தொடங்கியிருந்தது. சிரோசிஸ் வரை போனவர்கள் 2 சதவீதம் மட்டுமே.

இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மருத்துவர் அதோடு விடவில்லை. அந்தப் பெண்கள் தொற்றிய நேரத்தில் இளையவர்கள், ஆரோக்கியமானவர்கள். அவர்களைப் பார்த்து இது சாதுவான நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்றார். ஈஸ்ட்ரோஜன் எனும் பெண் ஹார்மோன் கல்லீரலில் நார்ப்பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் காப்பு விலகி, நோயின் வேகம் கூடுகிறது. ஜெர்மனியின் பெண்களை 25ஆம் ஆண்டில் பார்த்தபோது சிரோசிஸ் அரிதாகவே இருந்தது. 35ஆம் ஆண்டில், வைரஸ் நீங்காமல் இருந்தவர்களிடம் அது பல மடங்கு கூடியிருந்தது. உடற்பருமன், நீரிழிவு, மது, எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் பி சேர்ந்திருப்பது ஆகியவை இந்த வேகத்தை இன்னும் கூட்டும். அம்மாவுக்கு மாதவிடாய் நின்றது 48ஆம் வயதில். நீரிழிவு வந்தது 52இல். தொற்றோடு கழித்த 36 ஆண்டுகளில் முதல் இருபது ஆண்டுகள் நகர்ந்த மாதிரி பிந்தைய ஆண்டுகள் நகரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. இந்த வைரஸே நீரிழிவுக்கு ஒரு தூண்டுகோலாக இருக்கக்கூடும் என்றும், சிறுநீரகத்தையும் சிலரிடம் நிணநீர்த் திசுக்களையும் கூடப் பாதிக்கும் என்றும் சொல்லி, கல்லீரலோடு நில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

என் பங்குக்கு நான் கேட்டது, பிறவியிலேயே தொற்றிய எனக்கு என்ன ஆகும் என்பது. குழந்தைப் பருவத்தில் தொற்றியவர்களிடம் நோய் மிக மெதுவாக நகர்கிறது என்பது உண்மை. ஜெர்மனியில் சிறு வயதில் இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தால் தொற்றுக்கு ஆளான 67 பேரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 37 பேரிடம் மட்டுமே வைரஸ் இருந்தது. அவர்களிலும் கல்லீரல் பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் ஐக்கிய ராஜ்ஜியத்தில் குழந்தைப் பருவத்தில் தொற்றிய ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கல்லீரல் நோய் உருவாகியிருந்தது. அது உருவாக ஆன காலத்தின் நடுமதிப்பு 33 ஆண்டுகள். எனக்கு அப்போது 33 வயது. அந்த எண்ணைச் சொல்லிவிட்டு மருத்துவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார், நானும்தான்.

கர்ப்ப காலக் கவனிப்பு முறையாக இருந்தது. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. இந்த மருந்துகளைப் பொதுவாகக் கர்ப்பத்தின்போது தொடங்குவதில்லை என்பதால் என் சிகிச்சையைத் தள்ளி வைத்தார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான், எச்.ஐ.வி.யும் இருந்தால் அது ஏறக்குறைய இரு மடங்காகும், இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, காம்பில் வெடிப்போ ரத்தமோ இல்லாதவரை தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்பதெல்லாம் மகப்பேற்றுத் துறைக்கு எழுத்தாகவே போயிருந்தன. பிரசவத்தின்போது குழந்தையின் உச்சந்தலையில் கருவி பொருத்தி இதயத்துடிப்பைப் பார்ப்பதைத் தவிர்க்கவும் என்ற வரியை என் கோப்பில் நானே படித்தேன். இந்தத் தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்குப் பித்தநீர்த் தேக்கத்தால் உடல் அரிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் உள்ளங்கை அரிக்கிறதா என்று கேட்டார்கள். முதல் இரண்டு முறை எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அம்மாவின் சிகிச்சைக்கு வருகிறேன். சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினும் போட்டுக்கொண்டு, ஓராண்டு வரை காய்ச்சலும் மனச்சோர்வுமாக அவதிப்பட்டு, கடைசியில் பாதிப் பேருக்கே பலன் கிடைத்த காலத்தை இங்குள்ள மூத்த செவிலியர் பார்த்திருக்கிறார். இப்போது நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள் என்பதை அவர் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை தெரிகிறது, தெரியட்டும். மாத்திரையைத் தொடங்கும் முன்பே ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்கள்; சி போகும் நேரத்தில் பி தலைதூக்கும் ஆபத்து உண்டு. பிறகு மருந்தாளுநர் தனியாக அழைத்து, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொட்டச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்காகப் பல ஆண்டுகளாக அம்மா விழுங்கி வந்த ஓமிபிரசோல் மாத்திரையை எடுத்துத் தனியே வைத்தார். வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்பட்டாஸ்விர் சரியாகக் கரையாது, உடலில் சேராது. மருத்துவரிடம் நாங்கள் சொல்ல மறந்ததை அவர் மேசையில் இருந்து பொறுக்கி எடுத்தார். என் முறை வந்தபோது, எட்டு வாரத்தில் முடியும் கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் மாத்திரையை முதலில் யோசித்தார்கள். எதினைல் ஈஸ்ட்ரடையால் சேர்ந்த கருத்தடை மாத்திரையோடு அதைச் சாப்பிடக் கூடாது என்று தடுத்தவரும் இவரே. இந்த ஒரு மனிதருக்கு என்னால் தனியாக ஐந்து மதிப்பெண் தர முடிந்தால் தந்திருப்பேன்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அம்மாவிடம் வைரஸ் இல்லை. தாய்ப்பாலை நிறுத்திய பிறகு தொடங்கிய என் சிகிச்சையும் அப்படியே முடிந்தது. எதிர்ப்பொருள் பரிசோதனை எங்கள் இருவருக்கும் வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும், யாராவது அதைப் பார்த்துப் பயமுறுத்தினால் ஆர்.என்.ஏ. முடிவைக் காட்டுங்கள் என்று அதை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

இனிக் குறைகள். முதலாவது என் மகளைப் பற்றியது. பிறந்து இரண்டு மாதம் கடந்ததும் அவளுக்கு ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும் என்று கல்லீரல் மருத்துவர் எழுதியிருந்தார். எழுதியது என்னுடைய கோப்பில். குழந்தைகள் துறைக்கு அவள் வேறொரு எண். அங்கே யாருக்கும் அது தெரியாது. ஒன்பதாம் மாதம் தடுப்பூசிக்குப் போனபோது நானாகச் சொன்னதைக் கேட்டு அங்கிருந்த பயிற்சி மருத்துவர் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு எழுதினார். பாசிட்டிவ். ஒரு செவிலியர் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினார். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் 18 மாதம் வரைகூட ரத்தத்தில் இருக்கும். அதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்வதில் ஒரு பொருளும் இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும், கல்லீரல் பிரிவில் சொல்லித் தந்திருந்தார்கள். தெரிந்தும் அந்த இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு கல்லீரல் பிரிவுக்கே போனேன், அன்றே ரத்தம் எடுத்தார்கள், வைரஸ் இல்லை. 18 மாதத்தில் எதிர்ப்பொருளும் மறைந்துவிட்டது. வைரஸ் இருந்திருந்தாலும் பல குழந்தைகளிடம் அது சில ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும், நீங்காவிட்டால் மூன்று வயதிலிருந்து கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன என்றார் மருத்துவர். ஆனால் வைரஸ் இருந்து, அது யாருடைய நினைவிலும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம்: அவளும் தன் முதல் கர்ப்பத்தில்தான் தெரிந்துகொண்டிருப்பாள்.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. அம்மாவுக்கு வைரஸ் நீங்கியதும் ஒரு கடிதம் வந்தது. குணமடைந்துவிட்டார், இந்தப் பிரிவுக்கு இனி வர வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. அம்மா அதைச் சாமி படத்தின் கீழே வைத்தார். ஆனால் சிரோசிஸ் நிலைக்குப் போன கல்லீரலில் வைரஸ் போன பிறகும் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறதே தவிர மறைவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 5.8 வந்த எனக்கு எழுத வேண்டிய கடிதத்தை 14.2 வந்தவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பதினான்கு மாதம் கழித்து, என் கடைசிப் பரிசோதனைக்குப் போன இடத்தில் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் இது வெளிவந்தது. மருத்துவர் கணினியைத் திறந்து பார்த்து, தவறு எங்களுடையதுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். அன்று மாலையே அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை. வைரஸ் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால் கடிதம் தானாக அச்சாகும்படி வைத்திருந்தார்களாம்; கல்லீரலின் இறுக்கத்தை அந்தக் கணினி கேட்பதே இல்லை. அதை மாற்றச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்தேன். மாற்றிவிட்டதாகப் பதில் வந்தது. மாற்றியதை நான் சரிபார்க்க வழியில்லை.

சில்லறைக் குறைகளும் உண்டு. பிரிவின் பெயரைப் பொதுக் கூடத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே நாற்காலிகளைப் போட்டிருப்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை. ஒரு பெண் தலையைக் குனிந்தபடியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பிற துறைகளுக்குப் போகும் எங்கள் கோப்புகளின் மேல் சிவப்பு வில்லை ஒட்டுகிறார்கள். கைகுலுக்கினாலோ, தட்டையும் டம்ளரையும் பகிர்ந்தாலோ தொற்றாத ஒரு வைரஸுக்கு, அதுவும் குணமான பிறகும், அந்த வில்லை எதற்கு?

தொற்று இருப்பதாக இப்போதுதான் அறிந்து, எங்கே போவது என்று தேடுகிறவர்களுக்கு இதுபோன்ற தனிப் பிரிவையே நான் பரிந்துரைப்பேன். பொது மருத்துவரிடம் இந்த விளக்கமும் அந்த மருந்தாளுநரும் கிடைக்க மாட்டார்கள். போகும்போது உங்கள் ஃபைப்ரோஸ்கேன் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குணமான கடிதம் வரும் நாளில் அந்த எண்ணைக் காட்டி, இனி எனக்கு அல்ட்ராசவுண்ட் தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தை இருந்தால், ஆர்.என்.ஏ. பரிசோதனைக் குறிப்பைக் குழந்தையின் கோப்பிலும் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்த பிறகு எழுந்திருங்கள். குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்பட்ட அனுபவம் எனக்கு இல்லாததால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடவில்லை. அம்மாவின் அல்ட்ராசவுண்ட் தேதிகளை எங்கள் வீட்டு நாட்காட்டியில் நானே குறித்து வைத்திருக்கிறேன். போன முறை மருத்துவமனையிலிருந்தும் நினைவூட்டல் வந்தது, மூன்று நாள் தாமதமாக.